பாலிமர் படலத்தின் மேல் திரவப் படிகத்தைத் திசைப்படுத்துவது எப்படி? கண்ணாடியைக் கழுவுவது முதல் பிடிப்பை அளப்பது வரை

5சிபி என்ற திரவப் படிகம் குப்பியில் இருக்கும்போது வெண்மையாகக் கலங்கித் தெரியும். அதன் மூலக்கூறுகள் ஏறக்குறைய 2 நானோமீட்டர் நீளமுள்ள குச்சிகள். பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் ஒரே திசையில் நிற்க விரும்பும். ஆனால் குப்பி முழுவதற்கும் எது பொதுத் திசை என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. இடத்துக்கு இடம் திசை மாறுவதால் ஒளி சிதறுகிறது. அதே திரவத்தைச் சரியாகத் தயாரித்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்தால் தெளிந்துவிடும், ஒரே படிகத்தை வெட்டி வைத்த மாதிரி நடந்துகொள்ளும். இந்த மாற்றத்தைச் செய்வது கண்ணாடியின் மேல் பூசிய, 100 நானோமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒரு பாலிமர் படலம். உங்கள் போனிலும் டிவியிலும் எல்சிடி திரை இருந்தால் அதற்குள்ளும் இந்தப் படலம் இருக்கிறது.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இதை முதல்முறையாகச் செய்யப்போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஸ்பின் கோட்டர் (கண்ணாடியைச் சுழற்றிக் கரைசலை மெல்லிய படலமாகப் பரப்பும் கருவி), ஹாட்பிளேட் அல்லது ஓவன், ஃபியூம் ஹூட் (நச்சு ஆவியை வெளியே இழுக்கும் பெட்டி), போலரைசர் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடு) பொருத்திய நுண்ணோக்கி இவ்வளவும் இருந்தால் போதும். தேய்க்கும் இயந்திரம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தொடங்கலாம்.

செய்முறைக்கு முன்: மேற்பரப்பில் நடப்பது என்ன

கண்ணாடியை ஒரே திசையில் தேய்த்தால் திரவப் படிகம் அந்தத் திசையில் படுக்கும் என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி ஷார்ல் மோகேன் 1911-லேயே எழுதிவிட்டார். ஏன் படுக்கிறது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க வெகுகாலம் ஆனது. 1972-ல் டுவைட் பெர்ரிமன் ஒரு விளக்கம் தந்தார். தேய்க்கும்போது நுண்ணிய பள்ளங்கள் விழுகின்றன. பள்ளத்துக்குக் குறுக்கே படுத்தால் மூலக்கூறு வரிசை அலைபோல் வளைய வேண்டும். வளைவதற்கு ஆற்றல் தேவை. அதனால் பள்ளத்தின் போக்கிலேயே படுக்கிறது. அழகான விளக்கம்தான். பலர் இன்றும் இதோடு நின்றுவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது போதவில்லை என்பது தெரியும். 200 நானோமீட்டருக்கு ஒரு பள்ளம், அலைவின் வீச்சு 10 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பெர்ரிமன் சூத்திரம் தரும் ஆற்றல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 × 10⁻⁶ ஜூல். நன்றாகத் தேய்த்த பாலிஇமைடு என்ற பாலிமரில் திசைப்பிடிப்பு, அதாவது மூலக்கூறை அந்தத் திசையிலிருந்து திருப்பத் தேவையான ஆற்றல், பெரும்பாலும் 10⁻⁵ முதல் 10⁻⁴ ஜூல் வரை இருக்கிறது. அப்படியானால் பள்ளத்தைவிட வலுவான வேறொன்று வேலை செய்கிறது.

அது பாலிமர் சங்கிலிதான். தேய்க்கும் துணி படலத்தின் மேல்தோலை இழுக்கிறது, சங்கிலிகள் இழுத்த திசையில் நீள்கின்றன, திரவப் படிக மூலக்கூறு அந்தச் சங்கிலிகளை ஒட்டிப் படுக்கிறது. 1987-ல் கியரி, குட்பை, கெமெட்ஸ், பட்டேல் ஆகியோர் பலவகைப் பாலிமர்களை ஒப்பிட்டு இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். 1995-ல் டோனியும் அவருடைய சகாக்களும் எக்ஸ் கதிரை மேற்பரப்பை உரசிச் செல்லும்படி விட்டு ஆராய்ந்து, படலத்தின் உள்பகுதியைவிட மேற்பரப்பை ஒட்டிய சில நானோமீட்டரில்தான் சங்கிலிகள் நன்றாகத் திசைப்பட்டிருக்கின்றன என்று காட்டினார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த சாட்சி பாலிஸ்டைரீன். அதைத் தேய்த்தால் திரவப் படிகம் தேய்த்த திசைக்குச் செங்குத்தாகப் படுக்கிறது! சங்கிலி தேய்த்த திசையில்தான் நீள்கிறது. ஆனால் சங்கிலியிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பென்சீன் வளையங்கள் குறுக்கே நிற்கின்றன, 5சிபியின் வளையங்கள் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. பள்ளம் மட்டும் காரணமாக இருந்தால் இப்படி நடக்கவே நடக்காது. நேரம் கிடைத்தால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்து பாருங்கள்.

ஆக, நீங்கள் செய்யப்போகும் வேலை படலத்தின் மேல் சில நானோமீட்டரில் ஒரு திசையை எழுதுவது. கீழே வரும் ஒவ்வொரு படியும் ஒன்று அந்தத் திசையை எழுதுகிறது, இல்லையென்றால் எழுதியது அழியாமல் காக்கிறது. எந்தப் படியில் எவ்வளவு கவனம் வேண்டும் என்ற சந்தேகம் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பாலிமர்?

முதலில் மூலக்கூறு எப்படி நிற்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். மேற்பரப்போடு படுத்திருக்க வேண்டுமா, செங்குத்தாக நிற்க வேண்டுமா? படுத்திருந்தாலும் முழுக்கப் படுக்காமல், ஒரு முனை சற்றுத் தூக்கியிருக்க வேண்டுமா? அந்தச் சிறு தூக்கலுக்கு முன்சாய்வு என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரு கண்ணாடியிலிருந்து மற்றதற்குள் மூலக்கூறு வரிசை 90 டிகிரி முறுக்கிய பழைய வகைத் திரைகளில் முன்சாய்வு சில டிகிரி, மூலக்கூறுகள் படுத்தபடியே திரும்பும் ஐபிஎஸ் திரைகளில் 1 அல்லது 2 டிகிரி, செங்குத்தாக நிற்கும் விஏ திரைகளில் 90-க்கு மிக அருகில், 88 அல்லது 89 டிகிரி.

படுக்கவைக்க மட்டும் என்றால் பாலிவினைல் ஆல்கஹால், அதாவது பிவிஏ, போதும். விலை குறைவு, தண்ணீரில் கரையும், 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கத் தேவையில்லை, நச்சுக் கரைப்பான் கிடையாது. முன்சாய்வு கிட்டத்தட்டப் பூஜ்யம். ஈரத்தை இழுக்கும் என்பது இதன் குறை. மின்னழுத்தத்தை நீண்ட நேரம் தாங்கவேண்டிய செல்லுக்கு (இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகத்தை அடைத்த அமைப்பு) இது ஒத்துவராது. கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல பொருள் இல்லை என்பேன்.

தொழிற்சாலைகள் பயன்படுத்துவது பாலிஇமைடு. ஜப்பானின் நிஸ்ஸான் கெமிக்கல், ஜேஎஸ்ஆர் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே தயாரிக்கின்றன. பெரும்பாலும் பாலிஅமிக் அமிலக் கரைசலாக வரும். சூட்டில் தண்ணீர் மூலக்கூறை இழந்து, வளையம் மூடி, பாலிஇமைடாக மாறும். வெப்பம், ரசாயனம், மின்னழுத்தம் எல்லாவற்றையும் தாங்கும். முன்சாய்வு எவ்வளவு வேண்டும் என்று சொல்லியே வாங்கலாம்.

செங்குத்தாக நிற்கவைக்க நீண்ட ஆல்கைல் பக்கச்சங்கிலி கொண்ட பாலிஇமைடு வேண்டும். மேற்பரப்பு ஆற்றல் குறைவான பரப்பில் திரவப் படிகம் ஒட்டிப் படுக்க விரும்பாமல் எழுந்து நிற்கும் என்பது பொதுவான விதி. விதிவிலக்குகள் உண்டு, அதனால் செய்து பார்க்காமல் நம்பவேண்டாம். செங்குத்துப் படலத்தை நீங்கள் தேய்க்கவே தேவையில்லை, லேசாகச் சாய்வு வேண்டும் என்றால் மட்டும் மெதுவாகத் தேய்க்கலாம்.

கண்ணாடியைக் கழுவுதல்

மின்சாரம் கொடுத்துப் பார்க்கப்போகிறீர்கள் என்றால் ஐடிஓ (ஒளியை விடும், மின்சாரம் கடத்தும் பூச்சு) பூசிய கண்ணாடி, இல்லையென்றால் சாதாரண நுண்ணோக்கிக் கண்ணாடி. அல்ட்ராசானிக் தொட்டியில் சோப்புநீர், அயனி நீக்கிய தண்ணீர், அசிட்டோன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று ஒவ்வொன்றிலும் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். நைட்ரஜன் ஊதிக் காயவைத்து, ஹாட்பிளேட்டில் 100 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்து ஈரத்தைப் போக்குங்கள். யுவி ஓசோன் கருவி இருந்தால் பூசுவதற்குச் சற்று முன் 15 நிமிடம் போதும்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு துளித் தண்ணீர் விடுங்கள். துளி பரந்து மெல்லிய படலமாக விரிந்தால் சரி. உருண்டு நின்றால் எண்ணெய்ப் பசை இருக்கிறது, மறுபடியும் முதலிலிருந்து. இதில் அவசரப்படாதீர்கள். விரல்ரேகையின் மேல் விழுந்த பாலிமர் கடைசிவரை காட்டிக்கொடுக்கும்.

பூசுதல், சுடுதல்

பிவிஏவை எடைக்கு 1 சதவீதம் தண்ணீரில் போட்டு, 85 முதல் 90 டிகிரியில் கிளறிக்கொண்டே கரையுங்கள். ஆறவிட்டு 0.45 மைக்ரோமீட்டர் சிரிஞ்சு வடிகட்டியில் வடித்து, நிமிடத்துக்கு 3000 சுற்றில் 30 நொடி சுழற்றுங்கள். பிறகு 110 முதல் 120 டிகிரியில் ஒரு மணி நேரம்.

பாலிஅமிக் அமிலத்துக்குக் கூடுதல் கவனம் வேண்டும். அது ஃபிரீசரில் இருக்கவேண்டிய பொருள். எடுத்த உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த புட்டிக்குள் காற்றின் ஈரம் படிந்து சங்கிலியை உடைத்துவிடும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மூடியைத் திறக்கவேண்டும். இதன் கரைப்பான் பெரும்பாலும் என்எம்பி. கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியது, தோல்வழியாகவும் உடலுக்குள் போகும். கையுறை, ஃபியூம் ஹூட் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

நிறுவனம் சொன்ன அளவுக்கு நீர்த்து, 3000 சுற்றில் 30 நொடி சுழற்றி, 80 முதல் 100 டிகிரியில் ஓரிரு நிமிடம் வைத்துக் கரைப்பானை வெளியேற்றுங்கள். அப்புறம் 180 முதல் 230 டிகிரியில் ஒரு மணி நேரம். சரியான வெப்பநிலை பாலிமரைப் பொறுத்தது, தயாரித்தவர் தரும் தாளைப் பாருங்கள். சூடு குறைந்தால் வளையம் முழுக்க மூடாது, முன்சாய்வு எதிர்பார்த்த இடத்தில் நிற்காது.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஒரு சிக்கல் வரும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் பூசினால், என்எம்பி ஈரத்தை இழுத்துப் பாலிமர் படிந்து, படலம் வெளுத்துப் போகும். வெளுத்த படலம் சுட்டாலும் சரியாகாது. டீஹியூமிடிஃபையர் போட்ட அறையில் பூசுங்கள், சுழற்றி முடித்ததும் நொடிகூடத் தாமதிக்காமல் ஹாட்பிளேட்டுக்கு மாற்றுங்கள்.

தேய்த்தல்

இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் படி. அனுபவத்தில்தான் கைவரும் என்று பலர் சொன்னாலும், இதற்கும் கணக்கு உண்டு.

துணி வெல்வெட் வகை: ரேயான், பருத்தி அல்லது நைலான். ஆலையில் அதை உருளையில் சுற்றியிருப்பார்கள்; உருளை சுழல, கீழே கண்ணாடி மெதுவாக நகரும். எவ்வளவு வலுவாகத் தேய்க்கிறோம் என்பதை ஒரு நீள அளவாகச் சொல்வது வழக்கம். உருளையின் விளிம்பு வேகத்தைக் கண்ணாடி நகரும் வேகத்தால் வகுத்து, ஒன்றைக் கழியுங்கள். அதைத் துணியின் இழைகள் அழுந்தும் ஆழத்தாலும், எத்தனை முறை தேய்க்கிறோம் என்ற எண்ணாலும் பெருக்குங்கள். உருளை விளிம்பும் கண்ணாடியும் எதிரெதிர்த் திசையில் போனால் ஒன்றைக் கழிக்காமல் கூட்டவேண்டும்.

30 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருளை நிமிடத்துக்கு 1000 முறை சுழன்றால் விளிம்பு வேகம் நொடிக்கு சுமார் 3140 மில்லிமீட்டர். கண்ணாடி நொடிக்கு 20 மில்லிமீட்டர் நகர்ந்தால் விகிதம் 157, ஒன்று போக 156. இழை 0.3 மில்லிமீட்டர் அழுந்தி, 3 முறை தேய்த்தால், தேய்ப்பு வலிமை சுமார் 140 மில்லிமீட்டர். இந்த எண்ணை ஒவ்வொரு கண்ணாடிக்கும் குறிப்பேட்டில் எழுதுங்கள். நாளை வேறு இயந்திரத்தில் செய்யும்போது சுற்றையும் வேகத்தையும் மாற்றினாலும் இந்த எண்ணைச் சமமாக வைத்தால் ஏறக்குறைய அதே பலன் வரும்.

இயந்திரம் இல்லையா? சமதளமான ஒரு உலோகக் கட்டையில் துணியை இறுக்கமாகச் சுற்றுங்கள். கட்டையின் எடை தெரிந்திருக்கட்டும். கண்ணாடியை ஒரு நேர்ச்சட்டத்தை ஒட்டி வைத்து, கட்டையைத் தன் எடையிலேயே இழுங்கள், கையால் அழுத்தாதீர்கள். அழுத்தினால் ஒவ்வொரு இழுப்பும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ஒரே திசையில் இழுத்து, தூக்கி, மறுபடி தொடங்கிய இடத்தில் வைத்து இழுக்கவேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் மூலக்கூறு படுக்கும் அச்சு கிடைக்கும், ஆனால் எந்த முனை தூக்கும் என்ற தகவல் அழிந்துவிடும். 10 முதல் 20 இழுப்பில் தொடங்கி, பலனைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

தேய்த்த திசையைக் கண்ணாடியின் பின்பக்கத்தில் உடனே குறியுங்கள், அல்லது ஒரு மூலையைச் சிறிதாக வெட்டி வையுங்கள். வெறும் கோடு போதாது, அம்புக்குறி வேண்டும். பாலிஇமைடில் பொதுவாக மூலக்கூறின் முனை தேய்த்த திசையை நோக்கித் தூக்குகிறது, எனவே அம்பின் தலை எந்தப் பக்கம் என்பது பின்னால் முக்கியமாகும்.

கூடுதலாகத் தேய்த்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஓர் எல்லைவரை பிடிப்பு கூடும், அதன் பிறகு நின்றுவிடும். கீறலும், உதிர்ந்த பாலிமர்த் துகளும், நிலைமின்சாரமும் மட்டும் கூடிக்கொண்டே போகும். ஐடிஓவுக்குக் கீழே டிரான்சிஸ்டர்கள் இருக்கும் தொழிற்சாலைக் கண்ணாடியில் அந்த நிலைமின்சாரமே டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். தேய்ப்பை விட்டு வெளியேறத் தொழிற்சாலைகள் ஆசைப்பட்டதற்கு இதுவும் தூசியும்தான் பெரிய காரணங்கள். உங்கள் மேசையில் அயனி ஊதுகுழல் இருந்தால் தேய்த்ததும் ஊதிவிடுங்கள். அசிட்டோன் போட்டுத் துடைக்கவே கூடாது.

தேய்க்காமல் ஒளியால் எழுதுவது

1988-ல் ஜப்பானின் ஈச்சிமுரா குழு, அசோபென்சீன் (ஒளி பட்டால் வடிவம் மாறும் மூலக்கூறு) ஒட்டிய பரப்பில் ஒளி பட்டதும் மேலே உள்ள திரவப் படிகம் முழுக்க நிலை மாறுவதைக் காட்டியது. 1992-ல் சுவிட்சர்லாந்தின் மார்ட்டின் ஷாட்டும் சகாக்களும் பாலிவினைல் சின்னமேட் படலத்தின் மேல் நேர்கோட்டில் தளவிளைவுற்ற (ஒரே தளத்தில் மட்டும் அதிரும்) புறஊதா ஒளியைப் பாய்ச்சித் திரவப் படிகத்தைத் திசைப்படுத்தினார்கள். 90 டிகிரி முறுக்குத் திரையை 1970-களின் தொடக்கத்தில் ஹெல்ஃப்ரிக்கோடு சேர்ந்து உருவாக்கியவரும் இதே ஷாட்தான். 2009-ல் ஷார்ப் நிறுவனம் ஒளியால் திசைப்படுத்திய திரைகளை டிவிகளுக்காக அறிவித்தது.

இதன் தத்துவம் எளிது. ஒளியின் மின்புலத் திசையோடு ஒத்து நிற்கும் பகுதிகளே ஒளியை அதிகம் உறிஞ்சும். சின்னமேட்டில் அவை பக்கத்துக் கூட்டாளியோடு இணைந்துவிடும். அசோவில் அவை வளைந்து நிமிர்ந்து, ஒளி உறிஞ்ச முடியாத குறுக்குத் திசைக்குப் போய்ச் சேரும். சைக்ளோபியூட்டேன் கொண்ட பாலிஇமைடில் 254 நானோமீட்டர் ஒளி அவற்றை உடைத்துவிடும். மூன்றிலும் முடிவு ஒன்றுதான்: மிஞ்சி நிற்பவை மின்புலத்துக்குக் குறுக்கே, திரவப் படிகமும் குறுக்கே. போலரைசரின் திசையைக் குறிக்கும்போது இந்த 90 டிகிரியை மறந்துவிடாதீர்கள்.

கல்லூரி ஆய்வகத்துக்கு நான் சொல்வது பிரில்லியன்ட் யெல்லோ என்ற அசோச் சாயம். இது பாலிமர் இல்லைதான், ஆனால் முறையைக் கற்க மிக மலிவான வழி. டைமெத்தில்ஃபார்மமைடில் 1 முதல் 1.5 சதவீதம் கரைத்து, வடித்து, சுழற்றி, 90 முதல் 120 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். இந்தக் கரைப்பானும் நச்சுள்ளது, ஹூட்டுக்குள்ளேயே செய்யுங்கள். பிறகு 450 நானோமீட்டர் நீல எல்இடி முன் சாதாரண பிலிம் போலரைசரை வைத்து ஒளி காட்டலாம். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் சாயம் நன்றாகத் திரும்பும்.

சின்னமேட், பாலிஇமைடு வகைகளுக்கு அந்த பிலிம் போலரைசர் உதவாது, புறஊதாவை அதுவே விழுங்கிவிடும். கம்பிவலை போலரைசரோ கிளான் பட்டகமோ வேண்டும். 254 நானோமீட்டர் விளக்கைப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் எட்டிப்பார்க்காதீர்கள், கண்ணையும் தோலையும் சுட்டுவிடும்.

ஒளிமுறையின் உண்மையான பலம் வடிவம். ஒரே கண்ணாடியில் இடத்துக்கு இடம் திசையை மாற்றி எழுதலாம்; தட்டையான லென்ஸ்களை இப்படித்தான் செய்கிறார்கள். பலவீனம் பிடிப்பு. தேய்த்த பாலிஇமைடைவிடப் பல ஒளிப்படலங்களின் பிடிப்பு குறைவு, அதனால் முதல் செல்லையே இதில் செய்யச் சொல்லமாட்டேன். அயனிக் கற்றையால் திசைப்படுத்தும் முறையும் உண்டு. 2001-ல் ஐபிஎம்மின் பிரவீன் சௌதரி குழு அதை வெளியிட்டது. வெற்றிடக் கருவி உள்ளவர்களுக்கு அது.

செல்லைக் கட்டுதல்

இரண்டு கண்ணாடிகளையும் பூசிய பக்கம் உள்ளே பார்க்க வையுங்கள். அம்புகள் எதிரெதிரானால் முன்சாய்வு மேலிருந்து கீழ்வரை சீராக இருக்கும். ஆய்வுக்கு இதுதான் வசதி. அம்புகள் ஒரே பக்கம் பார்த்தால் மூலக்கூறுகள் மேலிருந்து கீழாக விசிறிபோல் விரிந்து நிற்கும். 90 டிகிரி குறுக்கே வைத்தால் முறுக்கு செல்.

இடைவெளிக்கு மைலார் (மெல்லிய பிளாஸ்டிக்) பட்டையோ சிலிக்கா மணிகளோ. யுவி பசையில் மணிகளைச் சிறிதளவு கலந்து இரண்டு எதிர் விளிம்புகளில் மட்டும் தடவுங்கள், மற்ற இரண்டும் திறந்திருக்கட்டும். மின்கம்பி ஒட்ட இடம் விட்டு, கண்ணாடிகளைச் சற்று விலக்கி வையுங்கள். பசையை உலரவைக்கும் யுவி, ஒளியால் எழுதிய திசையைக் கெடுக்கும். அத்தகைய செல்லின் நடுப்பகுதியை அலுமினியத் தாளால் மூடிவிட்டு ஒளி காட்டுங்கள்.

நிரப்புவதற்கு முன்பே இடைவெளியை அளந்துவிடுங்கள், பிறகு முடியாது. காலி செல்லை ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால் அலைஅலையாகக் குறுக்கீட்டு உச்சங்கள் தெரியும். இரண்டு உச்சங்களின் அலைநீளங்களைப் பெருக்கி, இடையில் எத்தனை அலைகள் என்ற எண்ணாலும் பெருக்கி, அலைநீள வித்தியாசத்தின் இரு மடங்கால் வகுத்தால் இடைவெளி கிடைக்கும். 600-க்கும் 500 நானோமீட்டருக்கும் இடையே 3 அலைகள் என்றால் 4.5 மைக்ரோமீட்டர்.

நிரப்புதல்

5சிபி 24 முதல் 35 டிகிரி வரைதான் நெமாட்டிக், அதாவது மூலக்கூறுகள் ஒரே திசையில் நிற்கும் திரவப் படிக நிலை. மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் அது சாதாரணத் திரவமாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் 60 டிகிரி அளவுக்குத் தாங்கும் இ7 என்ற திரவப் படிகக் கலவையை வாங்குங்கள். செல்லையும் திரவத்தையும் தெளியும் வெப்பநிலைக்கு (திசை ஒழுங்கு குலைந்து சாதாரணத் திரவமாகும் வெப்பநிலை) மேலே கொண்டுபோங்கள்: 5சிபிக்கு 40 டிகிரி, இ7-க்கு 70. திறந்த விளிம்பில் ஒரு துளி வைத்தால் தந்துகிக் கவர்ச்சி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நெமாட்டிக் நிலையிலேயே நிரப்பினால் பாயும் திசையில் மூலக்கூறுகள் படுத்து, பாலிமரின் மேலேயே ஒட்டிக்கொண்டு அந்தத் திசையை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு சூடாக்கினாலும் அந்தத் தடம் முழுக்கப் போகாது. நிரம்பிய பிறகு நிமிடத்துக்கு 1 டிகிரி என்ற வேகத்தில் குளிரவிடுங்கள். நிலை மாறும் இடத்தைக் கடக்கும்போது இன்னும் மெதுவாக. முறுக்கு செல்லில் பிவிஏ பயன்படுத்தினால் இடமுறுக்கும் வலமுறுக்கும் கலந்து வரும். எஸ்811 போன்ற கைரல் பொருளை (மூலக்கூறுகளை ஒரு பக்கமாக முறுக்கும் இயல்புள்ளது) 0.1 சதவீதம் சேர்த்தால் ஒரே பக்கம் முறுக்கும்.

போலரைசருக்கு நடுவே படித்தல்

குறுக்காக வைத்த இரண்டு போலரைசர்களுக்கு நடுவே, முறுக்காத செல்லைச் சுழற்றுங்கள். தேய்த்த திசை ஒரு போலரைசரோடு ஒத்து வரும்போது நல்ல இருட்டு, 45 டிகிரியில் நல்ல வெளிச்சம். அந்த இருட்டு எவ்வளவு ஆழமானது என்பதே உங்கள் வேலையின் மதிப்பெண்.

எங்கும் நெளியும் இழைகளும், கறுப்புத் தூரிகைக் கோடுகளும் தெரிந்தால் திசையே எழுதப்படவில்லை: படலம் இல்லை, அல்லது தேய்ப்பு போதவில்லை. தேய்த்த போக்கில் இணைகோடுகள் தெரிந்தால் துணி தேய்ந்துவிட்டது அல்லது துகள் சிக்கியிருக்கிறது. திரவம் நுழைந்த விளிம்பிலிருந்து விசிறியாகத் தடம் விரிந்தால் குளிர்ந்த நிலையில் நிரப்பியிருக்கிறீர்கள். பசை ஓரமாக மட்டும் கெட்டிருந்தால் உலராத பசை திரவத்தில் கரைந்திருக்கிறது.

முறுக்கு செல்லில் மெல்லிய எல்லைக்கோடு சூழ்ந்த தீவுகள் வந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். மின்னழுத்தம் இல்லாமலே தீவு தெரிந்தால், எதிர்ப்பக்கம் முறுக்கிய பகுதி. கைரல் பொருள் சேர்க்கவேண்டும். மின்னழுத்தம் கொடுத்த பிறகே முளைத்தால், எதிர்ப்பக்கம் சாய்ந்த பகுதி, முன்சாய்வு போதவில்லை. மின்னழுத்தம் 1 கிலோஹெர்ட்ஸ் மாறுமின்னழுத்தமாக இருக்கட்டும், நேர்மின்னழுத்தம் அயனிகளை இழுத்துக் குழப்பும். 5சிபி முறுக்காத செல்லில் மூலக்கூறுகள் எழத் தொடங்குவது 0.7 முதல் 0.8 வோல்ட்டில். அதற்கு மிகவும் விலகினால் எங்கோ பிழை.

செங்குத்துச் செல் எந்தப் பக்கம் சுழற்றினாலும் இருட்டாகவே இருக்கும். காலி செல்லும் அப்படித்தான், தெளிந்த திரவமும் அப்படித்தான். செல்லைச் சாய்த்துப் பாருங்கள்: வெளிச்சம் வந்தால் மூலக்கூறுகள் நிற்கின்றன.

முன்சாய்வையும் பிடிப்பையும் அளத்தல்

முன்சாய்வுக்கு, அம்புகள் எதிரெதிராக உள்ள தடித்த செல்லைக் குறுக்குப் போலரைசர்களுக்கு நடுவே, அம்புகள் போலரைசருக்கு 45 டிகிரியில் இருக்கும்படி வைத்து லேசர் பாய்ச்சுங்கள். திரவப் படிகத் திசைக்குச் செங்குத்தான அச்சில் செல்லைச் சாய்த்துக்கொண்டே கடந்துவரும் ஒளியைப் பதிவு செய்யுங்கள். வளைகோடு இடவலமாகச் சமச்சீராகும் புள்ளி, நேர்க்குத்து நிலையிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும். சிறிய முன்சாய்வுக்கு, அந்தத் தள்ளலைத் திரவப் படிகத்தின் இரண்டு ஒளிவிலகல் எண்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும். 5சிபிக்குக் கூட்டுத்தொகை ஏறக்குறைய 3.24, தள்ளல் 6.5 டிகிரி என்றால் முன்சாய்வு 2 டிகிரி.

பிடிப்பை அளக்க முறுக்கு செல் ஒரு நல்ல கருவி. மூலக்கூறுகளின் முறுக்கு மேற்பரப்பை எதிர்த்து இழுக்கிறது. பிடிப்பு எல்லையற்றதாக இருந்தால் முறுக்கு சரியாக 90 டிகிரி. பலவீனமானால் இரண்டு பரப்பிலும் சற்று வழுக்கி, முறுக்கு குறையும். உண்மை முறுக்கை ரேடியனில் எடுத்து, முறுக்கு மீள்மாறிலியின் (திரவப் படிகம் முறுக்கப்படுவதை எவ்வளவு எதிர்க்கிறது என்ற எண்) இரு மடங்கால் பெருக்கி, இடைவெளியாலும் ஒரு பரப்பின் வழுக்கலின் இரு மடங்குக் கோணத்தின் சைனாலும் வகுத்தால் பிடிப்பு கிடைக்கும். 5சிபியின் முறுக்கு மாறிலியை 3.5 பிக்கோநியூட்டன், இடைவெளியை 6 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், 88 டிகிரி முறுக்குக்குச் சதுர மீட்டருக்கு 5 × 10⁻⁵ ஜூல் வருகிறது. தேய்த்த பாலிஇமைடுக்கு ஏற்ற எண். முறுக்கு 70 டிகிரிதான் என்றால் 4 × 10⁻⁶ ஜூல், பலவீனமான பிடிப்பு.

6 மைக்ரோமீட்டரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. 550 நானோமீட்டர் பச்சை ஒளியில், 5சிபியில் ஒளி முறுக்கைச் சரியாகப் பின்தொடரும் இரண்டாம் இடைவெளி இதற்குச் சற்றுக் கீழே வருகிறது, அதனால் போலரைசர்களைச் சுழற்றி மிக இருண்ட நிலையைத் தேடுவது சுலபம். பிடிப்பு 10⁻⁴ ஜூலை நெருங்கினால் வழுக்கல் ஒரு டிகிரிக்கும் கீழே போய்விடும்; அப்போது இடைவெளியைக் குறைத்து, முறுக்கும் விசையைக் கூட்டவேண்டும். எல்லா அளவையும் 25 டிகிரியில், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மேடையில் எடுங்கள். 35-ஐ நெருங்க நெருங்க முறுக்கு மாறிலி வேகமாக விழுகிறது, 30-ல் எடுத்த செல்லையும் 25-ல் எடுத்த செல்லையும் ஒப்பிட்டால் பாலிமரின் வித்தியாசம் எது, வெப்பத்தின் வித்தியாசம் எது என்று பிரிக்க முடியாது.